செவிலியர் தேர்வும் முடிவு காணும் ஆற்றலும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளைக் கற்ற மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொண்டிருப்பர். மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அங்கே வகுக்கின்றார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காவதாக, நோயாளியின் அருகிலிருந்து பணி புரிபவர் ஒருவர். வகுப்பில் இக்குறளை நடத்தும்பொழுது முதல் மூன்றையும் விரித்துரைத்து, நான்காவதை ஒரு சொல்லில் முடித்து விடுவது ஆசிரியர் பலரின் வழக்கம். இன்று அந்த நான்காமவரைப் பற்றியே பேச விரும்புகின்றேன். செவிலியர் எவ்வாறு சிந்திக்கின்றார், அச்சிந்தனையை ஒரு தேர்வினால் அளக்க இயலுமா, இயலுமாயின் அதற்கு எவ்வாறு பழகுவது என்பனவே என் பேச்சின் பொருள்.

நான் மருத்துவம் கற்றவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, புதுவை வட்டாரப் பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். முத்தியாலுப்பேட்டையில் உள்ள என் வீட்டிற்கு மாலை வேளைகளில் செவிலியர் கல்லூரி மாணவியர் சிலர் வருவதுண்டு. வெளிநாட்டு உரிமத் தேர்வுக்கான ஆங்கிலப் பயிற்சி வினாக்கள் விளங்கவில்லை என்பது அவர்கள் குறை. வினாவின் மொழியை நான் விளக்குவேன். நோயின் இயல்பை அவர்கள் எனக்கு விளக்குவர். இவ்வாறு கொடுக்கல் வாங்கலாக நடந்த பாடங்களில், மொழியைவிட வேறொன்றே அவர்களுக்குப் பெருந்தடையாக நிற்பதைக் கண்டேன். நினைவில் நிறைய வைத்திருந்தனர். அவற்றுள் எதனை எப்பொழுது எடுத்தாள்வது என்பதிலேதான் தடுமாறினர்.

முதலில் அத்தேர்வைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டில் செவிலியர் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத் தேர்விலோ பட்டயத் தேர்விலோ தேறியவர், மாநிலச் செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்து கொண்டு பணியில் இறங்குகின்றார். சென்னை மாகாணத்தில் இப்பதிவுக்கான சட்டம் 1926-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அமெரிக்காவின் முறை வேறு. அங்கே பட்டம் பெற்ற பின்னரும், 'என்கிளெக்ஸ்' எனப்படும் உரிமத் தேர்வைக் கடந்தால்தான் நோயாளியைத் தொட உரிமை உண்டு. 1994 முதல் அது கணினியில் நடைபெறுகின்றது. நீங்கள் அளிக்கும் விடை சரியாயின் அடுத்த வினா சற்றுக் கடினமாகவும், தவறாயின் சற்று எளிதாகவும் வந்து நிற்கும். ஆகவே ஒருவருக்கு வரும் வினாத்தாள் மற்றொருவருக்கு வருவதில்லை. கனடாவின் பெரும்பகுதியில் 2015-இலும், வெளிநாட்டுச் செவிலியரைப் பொறுத்த அளவில் ஆஸ்திரேலியாவில் 2020-இலும் இத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்து பணி தேடும் நம் பெண்களும் பிள்ளைகளும் இதற்கு உழைப்பது அதனாலேயே.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அத்தேர்வின் உருவம் மாறியது. அதுவரை பெரும்பாலும் ஒரு வினா, நான்கு விடைகள், அவற்றுள் ஒன்று சரி என்னும் பழைய முறையே ஓங்கியிருந்தது. புதிதாகப் பணியேற்கும் செவிலியர் எதிர்கொள்ளும் நோயாளிகளின் நிலை முன்னைவிடச் சிக்கலாகி விட்டது. அவர்கள் தாமே எடுக்க வேண்டிய முடிவுகளும் பெருகி விட்டன. அந்த முடிவு காணும் ஆற்றலைப் பழைய வினாக்கள் போதிய அளவு அளக்கவில்லை என்று தேர்வை நடத்துவோர் கருதினர். புதிய முறையில் ஒவ்வொரு தேர்வாளர்க்கும் மூன்று நோயாளிகளின் வரலாறுகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வரலாற்றுக்கும் ஆறு வினாக்கள். வரலாறு ஒரேயடியாகச் சொல்லப்படுவதில்லை. காலையில் ஒரு குறிப்பு, நண்பகலில் ஒரு குறிப்பு, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தாள் என்று, வார்டில் நடப்பது போலவே விரிந்து கொண்டு செல்லும். ஐந்து மணி நேரத்தில் குறைந்தது 85, மிகுந்தது 150 வினாக்கள். இவ்வெண்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆறு வினாக்கள் என்பதை மட்டும் மனத்தில் இருத்துங்கள்.

ஏன் ஆறு? செவிலியரின் சிந்தனை ஆறு படிகளில் நடைபெறுகின்றது என்பது அத்தேர்வின் அடிப்படை. நோயாளியிடம் காணப்படும் பலவற்றுள் பொருளுடையவற்றைக் கண்டுகொள்வது முதற்படி. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் காண்பது இரண்டாவது. இன்னதாக இருக்கலாம் என்னும் ஊகங்களுள் முதன்மையானதைத் தேர்வது மூன்றாவது. செய்யத்தக்கவற்றை எண்ணிப் பார்ப்பது நான்காவது. செய்வது ஐந்தாவது. செய்ததன் பயனை மீண்டும் நோயாளியிடம் சென்று பார்ப்பது ஆறாவது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதியதன்று. பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1956-இல் அறிவின் படிகளை வகுத்தபொழுது, நினைவு கூர்தலை அடித்தளத்திலும், ஆராய்தல், மதிப்பிடுதல் ஆகியவற்றை மேல் தளங்களிலும் வைத்தார். நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் அடித்தளத்திலேயே உலவுகின்றன என்பது வேறு கதை.

படிகளின் பெயரைச் சொல்லிச் செல்வதால் ஒன்றும் விளங்காது. ஒரு நோயாளியை எடுத்துக் கொள்வோம். அவர் கற்பனையானவர்; ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னர் நம் புதுவை மருத்துவமனை எதிலும் இவரைப் போன்றவரைக் காணலாம்.

பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன். எடை 50 கிலோ. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். டெங்கு என்று இரத்த ஆய்வு சொல்லி விட்டது. காலை ஆறு மணிக்கு உடல் வெப்பம் 39.2 செல்சியஸ், நாடித் துடிப்பு 104, இரத்த அழுத்தம் 112-க்கு 72. இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக் கொள்ளும் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 40 விழுக்காடு. தட்டணுக்கள் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். பிற்பகல் இரண்டு மணிக்கு உடல் வெப்பம் 37.3. காய்ச்சல் இறங்கி விட்டது. தாயின் முகத்தில் மகிழ்ச்சி. "பிள்ளை பிழைத்துக் கொண்டான் சிஸ்டர், நாளைக்கு வீட்டிற்கு அழைத்துப் போகலாமா?" என்று கேட்கின்றார். அவ்வேளையில் நாடித் துடிப்பு 118. இரத்த அழுத்தம் 104-க்கு 86. கைகள் சில்லிட்டிருக்கின்றன. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகின்றது. மூன்று முறை வாந்தி எடுத்திருக்கின்றான். வயிறு வலிக்கின்றது என்கின்றான். காலை முதல் சிறுநீர் கழிக்கவில்லை. ஹீமட்டோகிரிட் 48. தட்டணுக்கள் 46 ஆயிரம். இவற்றோடு, இரவு உறக்கமில்லை, பருவத் தேர்வு நெருங்குகின்றதே என்று கவலைப்படுகின்றான், கையில் பழைய கொசுக்கடித் தழும்புகள் உள்ளன என்றும் குறிப்பில் எழுதியிருக்கின்றது.

இவ்வளவையும் ஒரு மாணவியிடம் கொடுத்து, 'உன் கண்ணில் முதலில் படுவது எது?' என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் தட்டணுக்களின் எண்ணிக்கையைச் சுட்டுவர். டெங்கு என்றவுடன் செய்தித்தாளும் அண்டை வீட்டாரும் பேசுவது அதனைப் பற்றியே. எண்ணிக்கை வீழ்ந்தது உண்மை, அது குறிப்பிடத்தக்கதே. ஆயினும் இந்நோயாளியின் உயிர் அந்நேரத்தில் ஊசலாடுவது அதனால் அன்று. வேறு இரண்டு எண்கள் மெல்லிய குரலில் வேறொன்றைச் சொல்கின்றன.

இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். காலையில் 112-இல் 72 போக 40. பிற்பகலில் 104-இல் 86 போக 18. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர், '104 தானே, நன்றாகத்தான் இருக்கின்றது' என்று கடந்து விடுவர். இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே குறுகினால், டெங்குவில் அது அதிர்ச்சி நிலையின் அடையாளம். இனி ஹீமட்டோகிரிட். 40 என்பது 48 ஆயிற்று. ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. சிவப்பணுக்கள் எட்டு மணி நேரத்தில் பெருகி விடவில்லை. அவற்றைச் சுமக்கும் நீர்தான் குறைந்து விட்டது. எங்கே போயிற்று? நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து, வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் சேர்ந்து கொண்டிருக்கின்றது. குழாயில் நீர் குறைந்ததும் உடல் தன்னைக் காத்துக் கொள்ள முயல்கின்றது. தோலுக்கும் கை கால்களுக்கும் செல்லும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தத்தைத் திருப்பி விடுகின்றது. கைகள் சில்லிட்டதற்கும், கீழ் எண் 86 ஆக ஏறியதற்கும், சிறுநீர் நின்றதற்கும் காரணம் இதுவே. வேனிற்காலத்தில் ஏரி நீர் குறைந்தால் கடைமடைக்கு நீர் விடாமல் தலைமடையை மட்டும் காப்பது போன்ற ஏற்பாடு. ஏரி இன்னும் குறைந்தால் இந்த ஏற்பாடும் முறியும். அப்பொழுது மேல் எண்ணும் திடீரென்று சரியும். சரிந்த பின்னர் எல்லார்க்கும் விளங்கும். சரியும் முன்னர் விளங்குவதற்காகவே செவிலியர் அங்கே இருக்கின்றார்.

காய்ச்சல் தணிந்ததைப் பற்றிய தாயின் மகிழ்ச்சியை இப்பொழுது மீண்டும் பாருங்கள். வேறு எத்தனையோ நோய்களில் வெப்பம் இறங்குவது குணத்தின் அடையாளம். டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, வெப்பம் இறங்கும் வேளையில்தான் இக்கசிவு தொடங்குகின்றது. ஒரே குறி, நோயை ஒட்டி அதன் பொருள் நேர் எதிராகின்றது.

மூன்றாம் படிக்கு வருவோம். உள்ளே இரத்தம் கசிகின்றதோ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தட்டணு குறைந்தவனுக்கு வயிற்று வலி வந்தால் அவ்வாறு ஐயுறுவது முறையே. ஆனால் இரத்தமே வெளியேறினால் ஹீமட்டோகிரிட் நாளடைவில் இறங்க வேண்டும்; இங்கே ஏறியிருக்கின்றது. அந்த ஐயத்தை விட்டுவிட வேண்டியதில்லை, பின்னுக்குத் தள்ளி வைத்துக் கொண்டால் போதும். வாந்தியால் நீரிழந்தது மட்டுமா என்று இன்னொருத்தி கேட்டாள். வாந்தியும் பங்கு கொள்கின்றது. எனினும் ஐந்தாம் நாள், தட்டணு வீழ்ச்சி, வயிற்று வலி ஆகியன சேர்ந்து கசிவையே முதன்மையாகச் சுட்டுகின்றன.

செய்யத்தக்கவை யாவை? அரை மணி கழித்து மீண்டும் பார்க்கலாம் என்பது ஒன்று; காய்ச்சல் மாத்திரை தருவது ஒன்று; தட்டணு ஏற்றச் சொல்லிக் கேட்பது ஒன்று; மருத்துவரை உடனே அழைத்து, சிரை வழியே திரவம் ஏற்றுவதற்கு ஆயத்தம் செய்வது ஒன்று. முதல் மூன்றும் ஏன் தகாதவை என்பதைச் சொல்லத் தெரிந்தவர்க்கே நான்காவது உண்மையில் தெரியும். காய்ச்சலே இல்லாதவனுக்குக் காய்ச்சல் மாத்திரை எதற்கு? ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இந்நோயில் விலக்கத்தக்கவை. தசையில் ஊசி போடுவதும் அவ்வாறே. பெரிதாக இரத்தப் போக்கு இல்லாதபொழுது, எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவது கசிவை நிறுத்தாது. திரவமே இங்கு மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, இந்நிலையில் உள்ள வயது வந்தவர்க்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை. நம் மாணவனுக்கு 250 முதல் 500 மில்லி. அளவை முடிவு செய்வது மருத்துவர். ஊசி ஏற்றத் தக்க சிரை எது, எடை எவ்வளவு, பாட்டில் எங்கே என்பனவற்றை அவர் வருமுன் ஆயத்தமாக வைத்திருப்பது செவிலியர்.

இடையில் உறவினர் ஒருவர் பப்பாளி இலைச் சாற்றுடன் வந்து நிற்பார். நம்மூரில் இதனைத் தவிர்க்க முடியாது. மூன்று முறை வாந்தி எடுத்து, அதிர்ச்சி நிலையில் உள்ளவனுக்கு வாய் வழியே எதையும் புகட்டும் நேரம் அதுவன்று என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துவதும் ஐந்தாம் படியைச் சேர்ந்ததுதான். அமெரிக்க வினாத்தாளில் அது வராது என்றாலும்.

ஆறாம் படியை மாணவர்கள் மறந்து விடுகின்றனர். திரவம் ஓடத் தொடங்கியதும் கதை முடிந்தது என்று எண்ணுகின்றனர். கால் மணிக்கு ஒருமுறை என்ன பார்க்கப் போகின்றாய் என்று கேட்டால் விழிக்கின்றனர். கை சூடேறுகின்றதா, நாடி 118-லிருந்து இறங்குகின்றதா, 18 என்ற இடைவெளி விரிகின்றதா, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, அதாவது நம் மாணவனுக்கு 25 மில்லியாவது வருகின்றதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் கசிந்த நீர் தானே குழாய்க்குள் திரும்பும். அப்பொழுதும் பழைய வேகத்தில் திரவம் ஓடிக் கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். நேற்று உயிர் காத்த அதே பாட்டில் இன்று தீங்கு செய்யும்.

இனிப் பழகும் முறை. தேர்வுக்கென்று ஆயிரக்கணக்கான வினாக்கள் கொண்ட தொகுப்புகள் விற்பனைக்கு உள்ளன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு வினா என்று கணக்கு வைத்து, விடையைப் பார்த்து, சரி என்றும் தவறு என்றும் குறியிட்டுக் கொண்டு செல்வது வேறு. முடிவு காணப் பழகுவது வேறு. முன்னது நினைவைத்தான் தடிக்கச் செய்யும். என் வீட்டுத் திண்ணையில் நாங்கள் வேறு விதமாகச் செய்து பார்த்தோம். ஒரு மாலைக்கு ஒரு நோயாளி; மிகுந்தால் இருவர். விடைப் பகுதியைத் தாளால் மூடி விடுவோம். குறிப்பில் உள்ள ஒவ்வொன்றையும் படித்து, பொருளுடையவை ஒரு பக்கம், பொருளற்றவை ஒரு பக்கம் என்று எழுதச் சொல்வேன். எதைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தள்ளியதற்குக் காரணம் சொல்ல முடியாதவள், எடுத்துக் கொண்டதற்கும் உண்மையான காரணம் அறியாள்.

அதன்பின் விடையைத் துணிந்து எழுத வேண்டும். எழுதிய பின்னரே தாளை விலக்கலாம். எழுதாமல் விடையைப் பார்ப்பவர்க்கு, 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று தோன்றி விடும். மனித மனத்தின் இயல்பு அது. கணக்குப் பாடத்தில் பல்லாண்டு கண்டிருக்கின்றேன்.

இனிச் சொல்லப் போவது மிகவும் பயன் தந்த பயிற்சி. விடை சரியாக இருந்தாலும் அத்துடன் விட்டுவிடுவதில்லை. தவறான விடை ஒவ்வொன்றையும் எடுத்து, 'நோயாளியிடம் எதை மாற்றினால் இது சரியான விடையாகும்?' என்று கேட்பேன். இரண்டு சிறிய எடுத்துக்காட்டுகள். இன்சுலின் போட்டுக் கொண்ட ஒருவர் முற்பகலில் வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசுகின்றார். இரத்தச் சர்க்கரை 54 மில்லிகிராம். சர்க்கரைக் கரைசலோ பழச்சாறோ கொடுத்து, உட்செல்லும் சர்க்கரை 15 கிராம் அளவாகப் பார்த்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிப்பது சரியான விடை. சிரை வழியே குளுக்கோஸ் என்பது தவறான விடை. எதை மாற்றினால் அது சரியாகும்? அவர் நினைவிழந்து, விழுங்க இயலாத நிலையில் இருந்தால். அப்பொழுது வாயில் ஊற்றிய பழச்சாறு மூச்சுக் குழலுக்குள் போகும். ஒரே எண், ஒரே நோய். விழுங்க முடியுமா என்னும் ஒரு செய்தி விடையைத் தலைகீழாக்கி விட்டது.

மற்றொன்று, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி காட்டும் பிராணவாயு அளவு 91. நிமோனியாவுடன் வந்த இளைஞனுக்கு இது எச்சரிக்கை. பிராணவாயு தர வேண்டும். நீண்ட நாள் புகைபிடித்து, நுரையீரல் நலிந்து, கரிவளியை உடலில் தேக்கி வைத்துக் கொள்ளும் இயல்புடைய முதியவருக்கோ 88 முதல் 92 வரையே இலக்கு. அவரிடம் 91-ஐக் கண்டு பதறிப் பிராணவாயுவை முழுவேகத்தில் திறந்து விட்டால் தீங்கே விளையும். 91 என்பது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று என்னிடம் கேட்காதீர்கள். யாருடைய 91 என்று கேளுங்கள்.

மூச்சுக்குழல் முதலில், மூச்சு அடுத்து, இரத்த ஓட்டம் பின்னர் என்னும் வரிசையைச் செவிலியர் மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்திருப்பர். நல்ல விதிதான். புதியவர் விதிகளைப் பற்றிக் கொண்டே நடக்க வேண்டும். பட்டறிவு முதிர முதிரத்தான் நோயாளியை முழுமையாக நோக்கும் கண் வாய்க்கும். பட்ரீசியா பென்னர் என்னும் அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை 1984-இல் எழுதிய நூலில் இந்த வளர்ச்சியை ஐந்து நிலைகளாக விளக்கியிருக்கின்றார். ஆனால் விதியை மட்டும் வைத்துக் கொண்டு விடையைத் தேடுபவர், மூச்சு என்ற சொல் எந்த விடையில் இருக்கின்றதோ அதனைக் குறியிட்டு விடுகின்றார். நம் டெங்கு மாணவனுக்கு மூச்சில் குறையில்லை, ஓட்டத்தில்தான் குறை. விதி அங்கே வழி காட்டும், விடை காட்டாது.

தேர்வின் மதிப்பெண் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களுள் சிலவற்றில், சரியானதற்கு ஒரு மதிப்பெண் கூடும்; தவறானதற்கு ஒன்று குறையும். எல்லாவற்றையும் குறியிட்டு வைத்தால் எதாவது தேறும் என்பவர்க்கு அங்கே ஆதாயமில்லை. மற்றொரு வகை வினா வண்ணத்துப்பூச்சி போன்ற உருவமுடையது. நடுவில் உள்ள கட்டத்தில் நோயாளியின் நிலை. இடச் சிறகில் செய்ய வேண்டிய இரண்டு செயல்கள். வலச் சிறகில் தொடர்ந்து பார்க்க வேண்டிய இரண்டு அளவுகள். இதனை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து நாள்தோறும் ஒரு நோயாளிக்கு நிரப்பலாம். கணினி வேண்டியதில்லை.

இவையெல்லாம் கடல் கடந்து செல்வோர்க்குத்தானே, எங்களுக்கு எதற்கு என்று கேட்கும் மாணவர் இருக்கலாம். நம் புதுவையில் மருத்துவக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சுக்காரர் 1823-இல் இங்கே மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதன் வழிவந்ததே இன்று கோரிமேட்டில் விளங்கும் ஜிப்மர். அந்தப் பிரான்சு நாட்டிலேயே 2009-இல் செவிலியர் பாடத்திட்டத்தைத் திருத்தியபொழுது, செவிலியர் பெற வேண்டிய பத்துத் திறன்களுள் நோயாளியின் நிலையை மதிப்பிடுவதை முதலாவதாக வைத்தனர். 'ரெசொன்மான் கிளினிக்' என்று அவர்கள் வழங்குவதும் நாம் பேசிக் கொண்டிருக்கும் இப்பொருளே. 1859-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய நூலிலும் நோயாளியை உற்று நோக்குதல் பற்றி ஒரு தனி அதிகாரம் உண்டு. தேர்வு புதிது, தேவை பழையது. வெப்பம் தணிந்த டெங்கு மாணவன் சிகாகோவில் படுத்திருக்கவில்லை, நம் ஊரில்தான் படுத்திருக்கின்றான்.

நம் மாணவியர்க்கு இதில் ஒரு தனித் தடையும் உண்டு. பிறந்தது முதல், பெரியவர் கேட்டால் மட்டும் பேசு என்று பழக்கப்பட்டவர்கள். நோயாளியின் நிலை மாறிவிட்டது என்று தெரிந்தும், மருத்துவரை இந்நேரத்தில் அழைக்கலாமா, கோபித்துக் கொள்வாரோ என்று தயங்குவது எனக்கு வியப்பளிப்பதில்லை. 'பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார் ஐயா, அப்பொழுது சொல்லிக் கொள்ளலாம் என்று தோன்றும்' என்றாள் ஒருத்தி, ஒளிக்காமல். ஆகவே முடிவு காண்பதோடு, கண்ட முடிவைச் சொல்லவும் பழக வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கி, பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இதற்கு உதவும். இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள் என்னும் நான்கு கூறுகள். நான் மருத்துவராக நடிப்பேன், சிடுசிடுப்பாகவும் நடிப்பேன். அவள் தொலைபேசியில் சொல்ல வேண்டும்: "வணக்கம் டாக்டர். ஆண்கள் வார்டிலிருந்து பேசுகின்றேன். டெங்கு, ஐந்தாம் நாள், 19 வயது. காய்ச்சல் இறங்கி விட்டது; ஆனால் நாடி 118, அழுத்தம் 104-க்கு 86, கை சில்லிட்டிருக்கின்றது, ஹீமட்டோகிரிட் 40-லிருந்து 48. அதிர்ச்சி நிலை தொடங்குகின்றது என்று கருதுகின்றேன். தாங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். திரவம் ஏற்ற ஆயத்தமாக இருக்கின்றேன்." அரை நிமிடம் ஆகாது. முதல் தடவையில் 'கருதுகின்றேன்' என்ற சொல்லை யாருமே சொல்லவில்லை. மூன்றாம் தடவையில் குரல் நிமிர்ந்தது.

நேரம் நெருங்குகின்றது. ஆசிரியர் வழக்கப்படி வீட்டுப் பாடம் ஒன்று தருகின்றேன். செவிலியர் மாணவர் அல்லாதாரும் முயன்று பார்க்கலாம். அறுபத்திரண்டு வயது அம்மையார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்து மூன்றாம் நாள். காலையில் நன்றாகப் பேசிக் கொண்டிருந்தார். பகல் பதினொரு மணிக்குக் குளியலறைக்கு நடத்திச் செல்லும்பொழுது திடீரென்று மூச்சு வாங்குகின்றது. நெஞ்சின் வலப்புறம் குத்துகின்றது என்கின்றார். நாடித் துடிப்பு 124, மூச்சு நிமிடத்திற்கு 30, பிராணவாயு 88, வெப்பம் 37.4, இரத்த அழுத்தம் 108-க்கு 70. வலக் கெண்டைக்கால் இடக்காலைவிடப் பருத்திருக்கின்றது. அறுவைக் காயத்தில் சிவப்போ சீழோ இல்லை. இரண்டு நாளாக மலச்சிக்கல். காலை உணவைப் பாதி உண்டார். மகள் வெளியூரிலிருந்து மாலையில் வருகின்றாள். இவற்றுள் எவற்றை எடுப்பீர்கள், எவற்றைத் தள்ளுவீர்கள். நடுக்கட்டத்தில் எதை எழுதுவீர்கள். இரு சிறகுகளில் எவற்றை எழுதுவீர்கள். மருத்துவரிடம் அரை நிமிடத்தில் என்ன சொல்வீர்கள்? எழுதிய பின்னரே நூலைத் திறந்து பாருங்கள்.